வறட்சியிலும் வெப்பத்திலும் பயிர், கால்நடைகளின் உடலியக்கத்தை அளப்பது எப்படி: ஆராய்ச்சி மாணவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

நண்பகலில் துவண்டு தொங்கிய சூரியகாந்தி இலை மாலையில் நிமிர்ந்துவிடும். விடியற்காலையில் இருந்ததைவிட மாலையில் பசுவின் உடல் வெப்பம் கூடியிருக்கும். அதற்கு நோய் எதுவும் தேவையில்லை. இவ்விரண்டையும் எந்த நேரத்தில் அளந்தோம் என்று எழுதி வைக்காவிட்டால், அளந்த எண்ணை வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது. கருவியை இயக்கவும் ரசாயனம் கலக்கவும் சில வாரங்களில் பழகிவிடலாம். எதை, எப்போது, எந்த உயிரில், அதைக் கலவரப்படுத்தாமல் அளப்பது என்று முடிவெடுப்பதுதான் கடினம். இந்த வழிகாட்டி அந்த முடிவுகளைப் பற்றியது. எடுத்துக்காட்டுகளுக்கு வறட்சியையும் வெப்பத்தையும் எடுத்துக்கொள்கிறேன். உவர்நிலம், குளிர், நோய் ஆகியவற்றை ஆராய்பவர்களுக்கும் இதே வரிசை உதவும்.

பயிரையும் கால்நடையையும் ஒன்றாகப் பேசுவது சிலருக்கு விந்தையாகத் தோன்றலாம். ஆனால் இந்தத் துறையின் தொடக்கமே அப்படித்தான் இருந்தது. 18ஆம் நூற்றாண்டில் ஸ்டீபன் ஹேல்ஸ் சூரியகாந்தித் தொட்டியின் வாயை மூடிவிட்டு, காலையும் மாலையும் அதை எடை போட்டு இலைகள் வழியே எவ்வளவு நீர் வெளியேறுகிறது என்று கணக்கிட்டார். குதிரையின் தமனியில் கண்ணாடிக் குழாயைப் பொருத்தி ரத்தம் எவ்வளவு உயரம் ஏறுகிறது என்று பார்த்தவரும் அவரே. உயிருக்குள் திரவம் எப்படி ஓடுகிறது என்ற ஒரே கேள்வியை இரண்டு இடத்திலும் கேட்டார்.

படி 1: கேள்வியின் கால அளவைத் தீர்மானியுங்கள்

"வறட்சியில் இந்த ரகம் எப்படி நடந்துகொள்கிறது?" என்பது ஆய்வுக்கான கேள்வியாகாது. எந்த எதிர்வினை, எவ்வளவு நேரத்தில் என்பதும் அதில் இருக்க வேண்டும். இலைத்துளைகள் சில நிமிடங்களிலேயே மூடத் தொடங்கும். வறட்சியில், இலைத்துளைகளை மூடிவைக்கும் செடி ஹார்மோனான அப்சிசிக் அமிலம் சேர்வதற்கு மணிக்கணக்கில் ஆகும். செல்லுக்குள் கரைபொருள்களைச் சேர்த்து நீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும் தகவமைப்புக்கு நாள்கள் தேவை. நீர் குறையும்போது முதலில் அடிவாங்குவது இலையின் விரிவுதான், ஒளிச்சேர்க்கை அதன் பிறகே குறைகிறது. ஒளிச்சேர்க்கையை மட்டும் அளந்து "லேசான வறட்சியால் பாதிப்பில்லை" என்று எழுதும் ஆய்வாளர், அதற்குள் சுருங்கிவிட்ட இலைப்பரப்பைக் காணத் தவறுகிறார்.

கால்நடையிலும் இப்படித்தான். வெயில் ஏறியதும் மூச்சு விரைவது உடனே தெரியும். தீனி குறைவது அதற்குப் பின்னால் வரும். கறவை மாடுகளில் பால் குறைவது, அன்றைய வெப்பத்தைவிட இரண்டு நாள் முன்பிருந்த வெப்பத்தோடு நெருக்கமாகப் பொருந்துகிறது. காளையின் விந்தணு உருவாகி முடிய ஏறத்தாழ 61 நாள் ஆகும் என்பதால், ஒரு வார வெப்ப அலையின் தடயம் வாரங்கள் கழித்துத்தான் விந்தில் தெரியும். அன்றைய மாதிரியை அன்றே சோதித்து "விளைவில்லை" என்று முடித்தால், ஆய்வே தவறான நாளில் நடந்திருக்கிறது என்று பொருள்.

சில நேரம் ஒரு மணி நேரமே எல்லாவற்றையும் தீர்மானித்துவிடும். நெல் பூ மலரும் வேளையில் வெப்பநிலை 35 டிகிரி செல்சியஸைத் தாண்டினால், அந்தக் குறுகிய நேரமே மகரந்தச் சேர்க்கையைக் கெடுத்துக் கதிரில் பதரைக் கூட்டப் போதும். நாள் சராசரி வெப்பநிலையை மட்டும் பதிவு செய்தவருக்கு இந்தப் பதர் எங்கிருந்து வந்தது என்றே தெரியாது.

உங்கள் கேள்வியை இப்படி ஒரு வாக்கியமாக எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்: இன்ன அழுத்தம் (வறட்சி, வெப்பம் போன்ற நெருக்கடி), இந்த அளவில், இந்த வளர்ச்சிப் பருவத்தில், இத்தனை மணி அல்லது நாளுக்குப் பிறகு, இந்த அளவீட்டை மாற்றுகிறதா?

படி 2: அழுத்தத்தையும் அளவிட்டுக் கொடுங்கள்

மருந்து ஆய்வில் எத்தனை மில்லிகிராம் கொடுத்தோம் என்று சொல்லாமல் யாரும் எழுதுவதில்லை. அழுத்தத்துக்கும் அதே கண்டிப்பு வேண்டும்.

"பத்து நாள் நீர் நிறுத்தப்பட்டது" என்பது அளவு ஆகாது. பெரிய இலைப்பரப்பு உள்ள ரகம் தொட்டி நீரை நான்கே நாளில் குடித்துவிடும். சிறிய ரகத்தின் தொட்டியில் பத்தாம் நாளும் ஈரம் இருக்கும். பிறகு சிறிய ரகத்தை "வறட்சி தாங்குவது" என்று அறிவிப்பது எவ்வளவு எளிதில் நேரும் பிழை என்று பாருங்கள். இதைத் தவிர்க்க வழி, ஹேல்ஸ் செய்ததுபோலத் தொட்டியை எடை போடுவதுதான். தொட்டிக்கு நீர் நிறைய ஊற்றி, மேற்பரப்பை மூடி, அதிகப்படி நீர் வடிந்தபின் வரும் எடை வயல் கொள்திறனுக்கு, அதாவது வடிந்தபின் மண் பிடித்துவைக்கும் நீரின் அளவுக்கு, உரியது. நாள்தோறும் எடை பார்த்து, குறித்த விகிதத்தில் நிற்கும்படி நீர் சேருங்கள். செடியின் எடையும் வளர்ந்துகொண்டே போகும் என்பதால், கூடுதலாகச் சில செடிகளை வளர்த்து அவ்வப்போது வெட்டி எடை போட்டுத் திருத்தம் செய்ய வேண்டும். செடி எடுக்கக்கூடிய மண்நீரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மிஞ்சும் கட்டத்தில்தான் பல பயிர்களில் நீராவிப்போக்கு தெளிவாகச் சரியத் தொடங்குகிறது. அந்தத் திருப்புமுனை எந்த ரகத்தில் முன்னதாக வருகிறது என்பது, வாடிய நாள்களை எண்ணுவதைவிடப் பன்மடங்கு பயனுள்ள தகவல்.

தொட்டியின் அளவையும் கவனியுங்கள். வேர் சுற்றிச் சுற்றி அடைந்துபோன சிறு தொட்டியில் அளப்பது வறட்சியின் விளைவா, இடநெருக்கடியின் விளைவா என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஒரு லிட்டர் மண்ணுக்குச் செடியின் உலர் எடை 1 கிராமைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது நல்ல விதி. கறுப்புத் தொட்டியை வெயிலில் வைத்தால் வேர் வெந்துவிடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

காற்றைப் பொறுத்தவரை, வெப்பநிலையை மட்டும் எழுதினால் போதாது, ஈரப்பதமும் வேண்டும். 32 டிகிரியில் ஈரப்பதம் 30 சதவீதமாக இருந்தால் காற்றின் நீராவிப் பற்றாக்குறை (நிறைவுநிலையை எட்ட இன்னும் தேவைப்படும் நீராவியின் அழுத்தம்) சுமார் 3.3 கிலோபாஸ்கல். அதே வெப்பநிலையில் ஈரப்பதம் 80 சதவீதமானால் அது 0.95 கிலோபாஸ்கலாகக் குறைந்துவிடும். பயிருக்கு இரண்டாவது காற்று எவ்வளவோ இதம். இப்போது கறவை மாட்டுக்கு அதே காற்றைக் கணக்கிடுவோம். பரவலாகப் பயன்படும் வெப்ப-ஈரப்பதக் குறியீட்டின் ஒரு வடிவம் இது (வெ என்பது செல்சியஸ் வெப்பநிலை, ஈ என்பது ஈரப்பத சதவீதம்):

குறியீடு = (1.8 × வெ + 32) − (0.55 − 0.0055 × ஈ) × (1.8 × வெ − 26)

30 சதவீத ஈரப்பதத்தில் குறியீடு சுமார் 77, 80 சதவீதத்தில் சுமார் 86. பழைய ஆய்வுகள் 72ஐ எல்லையாகக் கொண்டன. அதிகம் கறக்கும் மாடுகளுக்கு 68லேயே பாதிப்பு தொடங்குவதைப் பிந்தைய ஆய்வுகள் காட்டின. ஆக, செடிக்கு இளைப்பாறல் தரும் ஈரக்காற்றுதான் வியர்வையை ஆற விடாமல் மாட்டை வதைக்கிறது. மரங்களும் மேய்ச்சல் விலங்குகளும் சேர்ந்த அமைப்பை ஆராய்பவர்கள் இந்த முரணை முதல் நாளே மனத்தில் கொள்ள வேண்டும். இந்தக் குறியீட்டில் காற்றோட்டமும் வெயிலின் கதிர்வீச்சும் இடம்பெறவில்லை. திறந்தவெளியில் கருங்கோள வெப்பமானியையும் (கறுப்புக் கோளத்துக்குள் வைத்து, கதிர்வீச்சின் சூட்டையும் சேர்த்துக் காட்டுவது) வையுங்கள்.

படி 3: சோதனை அலகு எது என்று கண்டறியுங்கள்

ஆய்வறிக்கைகள் அதிகம் சறுக்கும் இடம் இதுதான். சோதனை அலகு என்பது ஒரு சிகிச்சையை, அதாவது நாம் கொடுக்கும் வறட்சி, வெப்பம், தீவனம் போன்றதை, தனியாகப் பெறும் மிகச் சிறிய பொருள். ஒரு செடியில் பத்து இலைகளை அளந்தால் உங்களிடம் இருப்பது ஒரு செடியைப் பற்றிய தகவல் மட்டுமே. ஒரே கொட்டிலில் இருபது கோழிகளுக்கு ஒரே தீவனம் கொடுத்தால் சோதனை அலகு கொட்டில்தான். ஒரு வளர்ப்பு அறையைச் சூடாகவும் மற்றொன்றைக் குளிராகவும் வைத்து, ஒவ்வொன்றிலும் முப்பது தொட்டிகளை அடுக்கினாலும் ஒவ்வொரு வெப்பநிலைக்கும் ஓர் அலகுதான் இருக்கிறது. விளக்கின் வயதும் விசிறியின் வேகமும் அறைக்கு அறை மாறும். அந்த வேறுபாடு வெப்பத்தின் விளைவாக வேடம் போட்டு வரும். அறைகளை மாற்றி மாற்றிச் சோதனையைத் திரும்பச் செய்வதே தீர்வு. எந்தச் சிகிச்சை எந்த அலகுக்குப் போக வேண்டும் என்பதைச் சமவாய்ப்பு முறை முடிவு செய்யட்டும். நிலத்தின் வேறுபாட்டைத் தொகுதிகளாகப் பிரித்துக் கட்டுப்படுத்தும் வழியை ரொனால்டு ஃபிஷர் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் வகுத்தார். 1919இல் அங்கு பணியில் சேர்ந்த அவர் காட்டிய வழி இன்றும் பசுமைக்குடில் மேசைக்கும் தொழுவத்துக்கும் பொருந்துகிறது.

பெரிய விலங்குகள் எண்ணிக்கையில் குறைவாக இருக்கும்போது, ஒரே விலங்குக்கு எல்லாச் சிகிச்சைகளையும் முறைமாற்றிக் கொடுக்கலாம். இடையில் முந்தைய சிகிச்சையின் தாக்கம் மறையப் போதிய இடைவெளி விடுங்கள். ஒருமுறை வெப்பத்துக்குப் பழகிய உடல் பழைய உடலாக உடனே திரும்பாது.

படி 4: அனுமதியும் நிறுத்தும் எல்லையும்

விலங்குகளைத் தொடும் எந்த ஆய்வும் நெறிமுறைக் குழுவின் எழுத்துமூல ஒப்புதலுக்குப் பிறகே தொடங்க வேண்டும். 1959இல் ரஸ்ஸலும் பர்ச்சும் முன்வைத்த மூன்று கொள்கைகள் இன்றும் அடிப்படை: விலங்குக்கு மாற்று உண்டா, எண்ணிக்கையைக் குறைக்க முடியுமா, வேதனையைத் தணிக்க முடியுமா? எந்த உடல் வெப்பநிலையில், எத்தகைய மூச்சிரைப்பில் ஒரு விலங்கைச் சோதனையிலிருந்து விடுவிப்பீர்கள் என்பதை முன்கூட்டியே எழுதிவிடுங்கள். வெயிலில் நின்று யோசித்து முடிவெடுக்கும் விஷயமில்லை இது. வாய் திறந்து, நாக்கு வெளியே தள்ளி, எச்சில் வடிய இரைக்கும் மாட்டிடமிருந்து இன்னொரு தரவுப் புள்ளியைக் கறப்பதற்கு எந்த நியாயமும் கிடையாது.

படி 5: பயிரில் அளப்பது

தொடங்குபவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது சார்பு நீர் அளவு, அதாவது முழுதும் விறைத்த இலை கொள்ளும் நீரில் இப்போது எத்தனை சதவீதம் இருக்கிறது என்பது. தராசும் உலர்அடுப்பும் இருந்தால் போதும், ஆனால் கவனம் முழுதும் வேண்டும்.

எல்லாச் செடியிலும் ஒரே நிலையிலுள்ள, முழுதாக விரிந்த இளம் இலையை எடுங்கள். வெட்டியவுடன் மூடிய சிறு குப்பியில் போட்டு, குளிர்ந்த பெட்டியில் வைத்து, தாமதமின்றிப் புது எடையைக் குறியுங்கள். பிறகு காய்ச்சி வடித்த நீரில், மங்கிய ஒளியில் ஏறத்தாழ நான்கு மணி நேரம் மிதக்க விடுங்கள். வெளியே எடுத்து, மேலே ஒட்டிய நீரை மெல்லிய தாளால் ஒற்றி, விறைப்பு எடையைக் குறியுங்கள். 70 முதல் 80 டிகிரியில், எடை மாறாத நிலை வரும்வரை உலர்த்தி உலர் எடையைக் குறியுங்கள்.

சார்பு நீர் அளவு = (புது எடை − உலர் எடை) ÷ (விறைப்பு எடை − உலர் எடை) × 100

புது எடை 0.420 கிராம், விறைப்பு எடை 0.500, உலர் எடை 0.100 என்றால் விடை 80 சதவீதம். ஒற்றும்போது ஒருவர் அழுத்தியும் இன்னொருவர் லேசாகவும் ஒற்றினால் சில சதவீத வேறுபாடு அங்கேயே வந்துவிடும். ஆகவே ஒரு தொகுதி முழுவதையும் ஒரே கை செய்யட்டும்.

இலையின் நீரியல் திறனை (நீர் எவ்வளவு இறுக்கமாகப் பிடிபட்டிருக்கிறது என்பதை அழுத்த அலகில் சொல்லும் எண்) அளக்க அழுத்த அறைக் கருவி உள்ளது. ஷோலாண்டரும் அவருடைய கூட்டாளிகளும் 1960களில் இதைப் பரவலாக்கினர். உயர்ந்த ஊசியிலை மரங்களின் உச்சிக் கிளைகளைத் துப்பாக்கியால் சுட்டு வீழ்த்தி அளந்தார்கள் என்பது இத்துறையினர் ஆசையாகச் சொல்லும் செய்தி. வெட்டிய இலையை அறைக்குள் வைத்து, காம்பு மட்டும் வெளியே தெரியும்படி மூடி, நைட்ரஜன் வாயுவால் மெல்ல அழுத்தம் ஏற்றுங்கள். வெட்டு முகத்தில் நீர் துளிர்க்கும் கணத்தில் உள்ள அழுத்தத்துக்கு எதிர்க்குறி இட்டால் நீரியல் திறன் கிடைக்கும். பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள், காம்புக்கு நேர்மேலே முகத்தை நீட்டாதீர்கள். விடியுமுன் எடுத்த அளவு, இரவெல்லாம் மண்ணோடு சமநிலைக்கு வந்த செடியின் நிலையைச் சொல்லும். நண்பகல் அளவு அன்றைய உச்ச நெருக்கடியைச் சொல்லும். ஒன்றுக்கு மற்றொன்று மாற்றாகாது. நிரந்தர வாடல் புள்ளி என்று மரபாகச் சொல்லப்படும் −1.5 மெகாபாஸ்கல் மண்ணுக்குரிய ஓர் உடன்பாட்டு அளவு. எல்லாப் பயிரும் அங்கேயே சாவதில்லை.

முடிவைப் படிக்கும்போது பயிரின் குணத்தையும் அறிந்திருக்க வேண்டும். மக்காச்சோளம் இலைத்துளையை விரைவாக மூடி இலையின் நீர்நிலையைக் காத்துக்கொள்ளும். சூரியகாந்தி துளையைத் திறந்தே வைத்து நீர்நிலையைச் சரிய விடும். இலை நீரை மட்டும் அளந்தால் மக்காச்சோளத்துக்கு வறட்சியே வரவில்லை என்று தோன்றும். ஆகவே இலைத்துளைக் கடத்துதிறனை, அதாவது துளைகள் வழியே நீராவி எவ்வளவு எளிதாக வெளியேறுகிறது என்பதை, போரோமீட்டர் என்ற கருவியால் சேர்த்தே அளவுங்கள். வெயில் தெளிந்த முற்பகல் நேரம் இதற்கு ஏற்றது. மேகம் கடக்கும்போது காத்திருங்கள். இரவில் துளை திறக்கும் அன்னாசி போன்ற பயிரென்றால் இரவில் அளக்கத் தயாராகுங்கள்.

இரண்டு அளவீடுகளைப் பற்றி எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். முதலாவது பச்சைய ஒளிர்வு, அதாவது ஒளி பட்ட பச்சையம் திருப்பி உமிழும் மங்கிய ஒளி. இலையை 20 முதல் 30 நிமிடம் இருட்டில் பழக்கி அளக்கும் உச்ச ஒளிவேதி விகிதம், நலமான இலையில் ஏறத்தாழ 0.83. அளக்க எளிது என்பதால் எல்லோரும் எடுக்கிறார்கள். ஆனால் மிதமான வறட்சியில் இது அசையவே அசையாது. கடும் வெப்பத்துக்கும் மிகையொளிச் சேதத்துக்கும் நல்ல அளவுகோல். வறட்சியின் தொடக்கத்தைக் காட்டாது. இரண்டாவது புரோலின் என்ற அமினோ அமிலம். வறட்சியில் அது கூடுவது உறுதி. கூடியதாலேயே ரகம் தாங்குதிறன் உள்ளது என்று முடிவு கட்டுவது நியாயமில்லை. அதிகம் அடிபட்ட செடியும் அதிகப் புரோலின் சேர்க்கும். ஒரே நீர்நிலையில் இருக்கும் ரகங்களை ஒப்பிட்டால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு.

படி 6: கால்நடையில் அளப்பது

தொடாமல் அளப்பதிலிருந்து தொடங்குங்கள். இந்த வரிசை மாறினால் பின்வரும் எண்களெல்லாம் கெடும்.

தூரத்தில் நின்று விலா ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். மாட்டில் நிமிடத்துக்கு 60ஐத் தாண்டினால் வெப்ப நெருக்கடி என்று எடுத்துக்கொள்வது வழக்கம். படுத்திருக்கிறதா, நிற்கிறதா, அசைபோடுகிறதா என்பதையும் குறியுங்கள். வெப்பத்தில் மாடுகள் அதிக நேரம் நிற்கும், அசைபோடுவது குறையும். அடுத்து மலக்குடல் வெப்பநிலை: தெர்மோமீட்டர் ஒவ்வொரு முறையும் ஒரே ஆழத்தில், குடல் சுவரைத் தொட்டபடி, ஒரே நேரத்தில். முதல் இரைப்பையில் தங்கும் சென்சார் வசதியானது. ஆனால் நொதித்தலின் சூட்டால் அங்கே வெப்பம் எப்போதுமே சற்றுக் கூடுதல், குளிர்ந்த நீர் குடித்ததும் அளவு சட்டென்று சரியும். நீர் குடித்த நேரத்துத் தரவை நீக்காமல் சராசரி எடுத்தால் அது உடல் வெப்பமாகாது. கோழியின் இயல்பான உடல் வெப்பம் 41 டிகிரி அளவில் இருக்கும். அதற்கு வியர்வைச் சுரப்பி இல்லை என்பதால் மூச்சிரைப்பே அதன் முதன்மைக் காப்பு.

ரத்தம் கடைசியில். விலங்கைப் பிடித்த சில நிமிடங்களிலேயே கார்டிசால் என்ற நெருக்கடி ஹார்மோன் ஏறத் தொடங்கிவிடும். ஐந்து நிமிடம் துரத்திப் பிடித்து எடுத்த ரத்தம் நீங்கள் கொடுத்த வெப்பத்தைச் சொல்லாது, துரத்தலைச் சொல்லும். பிடித்து இரண்டு மூன்று நிமிடத்துக்குள் எடுக்க முடியும்படி விலங்குகளை முன்கூட்டியே மனிதக் கைக்கும் கட்டுக்கும் பழக்குங்கள். பிடித்த நேரத்தையும் ஊசி குத்திய நேரத்தையும் தனித்தனியே எழுதுங்கள். அது இயலாவிட்டால் சாணத்தில் வெளியேறும் ஹார்மோன் சிதைபொருள்களை அளக்கலாம். மாட்டில் அவை ஏறத்தாழ அரை நாள் முந்தைய நிலையைக் காட்டும். ரோமம் வாரங்களின் கணக்கை வைத்திருக்கும். பறவைகளில் முதன்மை ஹார்மோன் கார்டிகோஸ்டிரோன் என்பதால் கார்டிசால் சோதனைப் பெட்டியை அங்கே பயன்படுத்தாதீர்கள்.

இனி, எனக்கு மிக முக்கியமாகப் படும் ஒன்று. வெப்பத்தில் மாடு தீனியைக் குறைக்கும், பாலும் குறையும். அப்படியானால் பால் குறைந்தது வெப்பத்தாலா, பட்டினியாலா? இதைப் பிரிக்க ஒரு மூன்றாம் குழு வேண்டும்: இதமான சூழலில் இருந்துகொண்டு, வெப்பத்தில் இருக்கும் மாடு நேற்று தின்ற அளவே இன்று தீனி பெறும் குழு. இத்தகைய ஆய்வுகளில், பால் இழப்பில் பாதிக்கும் குறைவான பங்கையே தீனிக்குறைவு விளக்கியது. எஞ்சியது வெப்பம் வளர்சிதை மாற்றத்தையே மாற்றியதால் வந்தது. மூன்றாம் குழு இல்லாத ஆய்வில் இந்த உண்மை வெளிவர வழியே இல்லை.

படி 7: அளக்கும் வரிசையும் பதிவேடும்

கட்டுப்பாட்டுச் செடிகளை ஒன்பது மணிக்கும் வறட்சிச் செடிகளை பதினொரு மணிக்கும் அளந்தால், இரண்டு மணி நேரத்து வெயில் உங்கள் முடிவுக்குள் புகுந்துவிடும். தொகுதி தொகுதியாகச் செல்லுங்கள். ஒவ்வொரு தொகுதியிலும் எல்லாச் சிகிச்சைகளும் அடுத்தடுத்து வரட்டும். அளப்பவருக்குச் சிகிச்சையின் பெயர் தெரியாமல் குறியெண் மட்டும் தெரிந்தால் இன்னும் நல்லது. தெர்மோமீட்டர்களைப் பனிக்கட்டி நீரில் வைத்துப் பூஜ்யம் காட்டுகின்றனவா என்று சோதனைக்கு முன்னும் பின்னும் பாருங்கள். அழுத்தம் தொடங்குமுன் எடுத்த அடிப்படை அளவு ஒவ்வோர் அலகுக்கும் இருக்க வேண்டும். விலங்குகளைப் புதிய இடத்தில் இரண்டு வாரமாவது பழக்கிய பிறகே அதை எடுங்கள்.

பகுப்பாய்வில், ஒரே அலகைப் பல நாள் அளந்த எண்கள் ஒன்றையொன்று சார்ந்தவை. அவற்றைத் தனித்தனி மாதிரிகளாக எண்ணாமல், தொடர் அளவீட்டுக்குரிய கலப்பு மாதிரி (mixed model) என்ற புள்ளியியல் முறையைப் பயன்படுத்துங்கள். ரகமும் அழுத்தமும் சேர்ந்து தரும் இடைவினைதான் பெரும்பாலும் உங்கள் உண்மையான கேள்வி, எனவே முதலில் அதைப் பாருங்கள்.

படி 8: அழுத்தத்தை நீக்கிய பிறகும் அளவுங்கள்

பல ஆய்வுகள் வாடிய செடியை வெட்டி உலர்த்துவதோடு முடிந்துவிடுகின்றன. பயிரின் விளைச்சலைத் தீர்மானிப்பதோ பெரும்பாலும் மழைக்குப் பிந்தைய வாரம். ஆகவே சோதனையைத் திட்டமிடும்போதே, மீட்சிக்கென்று சில தொட்டிகளை வெட்டாமல் ஒதுக்கிவிடுங்கள். மீண்டும் நீர் ஊற்றியபின் முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள் என்று இலை நீரையும் இலைத்துளைக் கடத்துதிறனையும் சேர்த்து அளவுங்கள். இலை நீர் திரும்பியும் துளைகள் திறக்கத் தயங்கினால், மிச்சமிருக்கும் அப்சிசிக் அமிலமோ, நீர்க்குழாய்களில் காற்றடைப்போ காரணமாக இருக்கலாம். இலை நீரே திரும்பவில்லையென்றால் வேரைத் தோண்டிப் பாருங்கள்.

மாடுகளில் மீட்சியின் நேரம் இரவு. பகலில் சேர்ந்த வெப்பத்தை உடல் இரவின் குளிர்ச்சியில்தான் வெளியேற்றுகிறது. இரண்டு நாள்களின் பகல் உச்சம் ஒன்றாக இருந்தாலும், இரவு குளிராத நாளுக்கு அடுத்த விடியலில் உடல் வெப்பம் உயர்ந்தே தொடங்கும். ஆகவே விடியுமுன் ஓர் அளவீட்டைக் கட்டாயம் வையுங்கள். குளிரூட்டும் முறைகளை ஒப்பிடுபவர்களும், நிழல் அமைப்புகளைச் சோதிப்பவர்களும் பகல் உச்சத்தோடு இந்த விடியல் அளவையும் தங்கள் அட்டவணையில் ஒரு தனிப்பத்தியாகக் கொடுக்க வேண்டும்.